எண்ணி எடுத்த மணிகள்

ஒரு சதுர கிலோமீட்டர் நீர்ப்பரப்பில் 4,66,000 பிளாஸ்டிக் துகள்கள். வட அமெரிக்காவின் ஈரி ஏரியில், இரண்டு பெரிய நகரங்களைக் கடந்து தண்ணீர் வந்து சேரும் ஓர் இடத்தில் 2012ஆம் ஆண்டு கிடைத்த கணக்கு இது. அந்த ஆய்வுப் பயணத்தில் வலை இழுத்த மற்ற 20 இடங்களின் எண்ணிக்கையையும் கூட்டினால்கூட இந்த ஓர் இடத்துக்கு ஈடாகவில்லை. துகள்களில் பல, ஒரு மில்லிமீட்டருக்கும் சிறியவை. நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் பல நிறங்களில் உருண்டைகள். உடைந்த வாளியோ கிழிந்த பையோ ஏரியில் கிடந்து நைந்தால் சில்லு சில்லாகத்தான் உதிரும், இப்படி உருண்டையாக வராது. அப்படியென்றால் தொழிற்சாலையிலேயே உருண்டையாகச் செய்யப்பட்ட ஏதோ ஒன்று ஏரிக்கு வந்துகொண்டிருக்கிறது.

இதைக் கண்டவர்களில் ஒருவர் ஷெரி மேசன். அப்போது அவர் நியூயார்க் மாநிலத்தின் மேற்கு ஓரத்தில், ஈரி ஏரிக்கரைக்கு அருகே ஃப்ரிடோனியா என்ற சிற்றூரில் இருக்கும் அரசுக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியர். நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் கிளைகளில் ஒன்றான அந்தக் கல்லூரியில் முக்கியமாக இருப்பது இளநிலைப் படிப்புதான். பெரிய பல்கலைக்கழகங்களில் ஆய்வுக்கூட வேலையைச் சுமக்கும் முனைவர் பட்ட மாணவர் படை அங்கே கிடையாது. இருப்பது ஆசிரியரும், 19, 20 வயது மாணவர்களும்தான்.

நயாகரா என்ற பாய்மரக் கப்பல் ஒன்று ஈரி ஏரியில் இருக்கிறது. 1813இல் அந்த ஏரியில் நடந்த போரில் பங்கெடுத்த கப்பலின் மறு உருவாக்கம் அது. மாணவர்களுக்கு வகுப்பெடுக்க அதில் போனபோதுதான் மேசனுக்கு அந்தக் கேள்வி எழுந்தது. கடலில் பிளாஸ்டிக் சேர்கிறது என்று உலகமே பேசுகிறது. ஈரி போன்ற நன்னீர் ஏரிகளில் என்ன நிலைமை? தேடிப் பார்த்தால் திறந்த ஏரிப்பரப்பில் யாரும் அளந்திருக்கவில்லை. பூமியின் மேற்பரப்பு நன்னீரில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, ஈரி உட்பட வட அமெரிக்காவின் ஐந்து பேரேரிகளில் இருக்கிறது. கோடிக்கணக்கானவர்கள் குடிப்பதும் அந்தத் தண்ணீரைத்தான். 2012இல் கடல் பிளாஸ்டிக்கை ஆராயும் ஃபைவ் ஜயர்ஸ் அமைப்பின் மார்கஸ் எரிக்சனும் மேசனும் அதே நயாகராவில் ஏறி சுப்பீரியர், ஹூரான், ஈரி ஆகிய மூன்று ஏரிகளில் வலை இழுத்தார்கள். திருக்கை மீனைப் போல அகன்ற வாயும் இரண்டு பக்கமும் இறக்கையும் கொண்ட வலை. கண்ணியின் அளவு 333 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு.

இத்தகைய ஆய்வில் வலை இழுப்பது சுலபமான பகுதி. பாடெல்லாம் கரைக்கு வந்த பிறகுதான். வலையில் பிளாஸ்டிக் மட்டுமா வரும்? பாசி, இலைத் துணுக்கு, பூச்சி இறகு, மிதவை உயிரிகள் எல்லாம் கலந்து வரும். முதலில் சல்லடைகளை அடுக்கி அளவுவாரியாகப் பிரிக்க வேண்டும். பிறகு ஹைட்ரஜன் பெராக்சைடில் இட்டுச் சூடாக்கினால் உயிர்ப்பொருள் பொங்கி நுரைத்துக் கரையும், பிளாஸ்டிக் நிற்கும். அடுத்து உப்புக் கரைசல். கனமான மண் துகள் அடியில் தங்கிவிட, லேசான பிளாஸ்டிக் மேலே வரும். எஞ்சியதைக் கண்ணாடித் தட்டில் பரப்பி, நுண்ணோக்கியின் கீழே இடுக்கியால் ஒவ்வொன்றாக நகர்த்தி, இது சில்லு, இது நுரை, இது படலம், இது இழை, இது மணி என்று வகை பிரித்து எண்ண வேண்டும். ஒரு தட்டை முடிக்கவே கழுத்து வலித்துவிடும். இந்த எண்ணிக்கை பிசகினால் மேலே கட்டுகிற எல்லாமே பிசகிவிடும்.

பிசகுவதற்கு இடமும் இருந்தது. ஒரு மில்லிமீட்டருக்குக் குறைவான துகள்களில், கண்பார்வைக்குப் பிளாஸ்டிக் என்று தோன்றியவற்றை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். ஏறக்குறைய 20 சதவீதம் பிளாஸ்டிக்கே இல்லை, அலுமினியம் சிலிகேட் என்று தெரிந்தது. நிலக்கரியை எரிக்கும்போது உருகி ஆறும் சாம்பல் அது. அதன் உருண்டைகளில் சில உள்ளே வெற்றாக இருப்பதால் மிதக்கும். பிளாஸ்டிக் அதிகம் என்று சொல்ல வந்தவர்கள், தங்கள் எண்ணிக்கையைக் குறைக்கும் இந்த உண்மையை ஆய்வுச் சுருக்கத்திலேயே எழுதி வைத்தார்கள். இந்த ஆய்வின் மீது எனக்கு மதிப்பு கூடியது இந்த இடத்தில்தான். மணிகளைப் பற்றி அவர்கள் சொன்னதைப் பிறகு யாரும் எளிதில் தள்ளிவிட முடியாமல் போனதற்கும் இந்த நேர்மை ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

அடுத்து, முகம் கழுவும் பசைகளைக் கடையில் வாங்கி, அவற்றில் உள்ள தேய்ப்பு மணிகளைப் பிரித்து, ஏரியில் கிடைத்தவற்றோடு ஒப்பிட்டார்கள். அளவு, வடிவம், மேற்பரப்பு, வேதிப்பொருள் எல்லாம் ஒத்துப்போயின. இறந்த தோலைத் தேய்த்தெடுக்க அப்படி ஒரு டியூபில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பாலித்தீன் மணிகள் இருக்கலாம் என்று ஃபைவ் ஜயர்ஸ் கணக்கிட்டது. முகம் கழுவிய தண்ணீர் சாக்கடை வழியே கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும். வண்டலைத் தங்க வைக்கவும், அழுக்கைப் பாக்டீரியாவைக் கொண்டு சிதைக்கவும் கட்டப்பட்ட நிலையம் அது. பாலித்தீன் மணி தங்கவும் தங்காது, சிதையவும் சிதையாது. சேற்றோடும் நுரையோடும் பெரும்பகுதி சிக்கினாலும் மீதி நழுவி ஆற்றுக்குப் போய்விடும்.

2013இல் கட்டுரை வெளிவந்தது. 2014 ஜூனில் இல்லினாய் மாநிலம் இந்த மணிகளுக்கு முதலில் தடை கொண்டுவந்தது. 2015 டிசம்பர் 28 அன்று அதிபர் ஒபாமா நாடு முழுவதற்குமான சட்டத்தில் கையெழுத்திட்டார். தேய்த்துக் கழுவும் அழகுப் பொருள்களிலும் பற்பசையிலும் பிளாஸ்டிக் மணி சேர்த்துத் தயாரிப்பதற்கு 2017 ஜூலை முதல் படிப்படியாகத் தடை அமலுக்கு வந்தது. ஏரியில் வலை இழுத்து மூன்றரை ஆண்டுகளுக்குள் ஒரு சட்டம்! சுற்றுச்சூழல் விஷயத்தில் இந்த வேகம் அபூர்வம்.

மேசனின் குழு அதோடு நிறுத்தவில்லை. 17 சுத்திகரிப்பு நிலையங்களிலிருந்து வெளியேறும் நீரில் 90 மாதிரிகள் எடுத்து, வேறு சில கல்லூரிகளையும் ஆய்வு அமைப்புகளையும் சேர்த்துக்கொண்டு 2016இல் முடிவை வெளியிட்டது. லிட்டருக்குச் சராசரி 0.05 துகள். 20 லிட்டர் கேன் தண்ணீருக்கு ஒன்று. அற்பம் என்று தோன்றும். ஆனால் ஒரு நிலையம் நாளொன்றுக்கு வெளியேற்றும் நீரின் அளவைக் கொண்டு பெருக்கினால், சராசரியாக 40 லட்சத்துக்கும் அதிகமான துகள்கள். அதே ஆண்டு வெளிவந்த மற்றோர் ஆய்வில் பேரேரிகளில் கலக்கும் 29 ஆறுகளில் எடுத்த 107 மாதிரிகளிலும் பிளாஸ்டிக் இருந்தது. அங்கே அதிகம் கிடைத்தவை மணிகள் அல்ல, இழைகள்.

பிறகு பாட்டில் தண்ணீர். இதில் நாமும் வருகிறோம். இந்தியா உட்பட 9 நாடுகளில் வாங்கிய 11 பிராண்டுகளின் 259 பாட்டில்களை ஃப்ரிடோனியாவில் வடிகட்டிப் பார்த்தார்கள். நைல் ரெட் என்ற சாயத்தை ஊற்றினால் அது பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும். நீல ஒளியைப் பாய்ச்சி ஆரஞ்சுக் கண்ணாடி வழியே பார்த்தால் துகள் மின்னும். 93 சதவீத பாட்டில்களில் மின்னின. நூறு மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்கள் லிட்டருக்குச் சராசரி 10.4. அவற்றில் பாதிக்கு மேல் பாலிபுரோப்பிலீன். பாட்டில் மூடி செய்யும் பிளாஸ்டிக் அதுதான். அதைவிடச் சிறிய துகள்களை வேதிமுறையில் உறுதிசெய்யவில்லை என்பதால் அந்த எண்ணிக்கையைத் தயாரிப்பு நிறுவனங்கள் மறுத்தன. அந்த மறுப்பில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் 2018 மார்ச்சில் முடிவு வெளியானதும் உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் நுண்பிளாஸ்டிக் பற்றி ஆராயப்போவதாக அறிவித்தது. அடுத்த ஆண்டு வந்த அறிக்கை, இப்போதுள்ள அளவில் உடல்நலத்துக்கு ஆபத்து இருப்பதாகத் தெரியவில்லை, ஆனால் கையில் இருக்கும் தகவல் மிகக் குறைவு, ஆராய்ச்சி தேவை என்றது. 2018இல் மேசனுக்குப் பொதுக்கொள்கைக்கான ஹைன்ஸ் விருது கிடைத்தது.

இந்த ஆய்வுகளில் எங்குமே மிக விலையுயர்ந்த ஏற்பாடு முக்கியப் பங்கு வகிக்கவில்லை. வலை, சல்லடை, பெராக்சைடு, உப்பு, சாயம், நுண்ணோக்கி. எலெக்ட்ரான் நுண்ணோக்கி தேவைப்பட்ட இடத்தில் அது இருக்கும் இடத்துக்கு மாதிரி போனால் போதும். உண்மையான மூலதனம், ஒரே கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்ட ஆசிரியர் ஒருவர். ஏரி, கழிவுநீர், ஆறு, பாட்டில் என்று அந்தக் கேள்வி இடம் மாறியதே தவிர ஆள் மாறவில்லை. மாணவர்கள் வந்து கற்று எண்ணிவிட்டுப் போனார்கள். அடுத்து வந்தவர்கள் அதே முறையில் தொடர்ந்தார்கள்.

நம் ஊரில் இறுதியாண்டு புராஜெக்ட் என்றால் ஆண்டுக்கொரு தலைப்பு. அச்சடித்து, பைண்டிங் போட்டு, வாய்மொழித் தேர்வு முடிந்ததும் அலமாரிக்குப் போய்விடும். இதைப் படிக்கும் கல்லூரி ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் கல்லூரிக்கு அருகில் இருக்கும் ஏரியோ ஆறோ கடற்கரையோ ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். தலைப்பை மாற்றாதீர்கள். இந்த ஆண்டு மாணவர்கள் எந்த இடத்தில், எந்த மாதத்தில், எந்த முறையில் அளந்தார்களோ, அதே இடத்தில் அதே முறையில் அடுத்த ஆண்டு மாணவர்களும் அளக்கட்டும். பத்து ஆண்டுகள் அப்படி அளந்த ஒரு கணக்கு உங்கள் கையில் இருந்தால், மாசுக் கட்டுப்பாட்டு வாரியமானாலும் மாவட்ட ஆட்சியரானாலும் நீதிமன்றமானாலும் அதைக் கேட்டே ஆக வேண்டும்.