பாரன் தீவைக் கண்டு வந்தோம்

லால்பாக் தோட்டத்தில் கெம்பெகௌடர் கோபுரம் நிற்கும் பாறையின்மீது ஒரு மாலையேனும் அமர்ந்திராத தமிழ்க் குடும்பம் பெங்களூரில் இராது. அப்பாறை ஏறத்தாழ 300 கோடி ஆண்டு முதுமையுடையது என்பர் நிலவியலார். உலகின் மிகப் பழைய பாறைகளுள் ஒன்றின்மேல் அமர்ந்து கடலை கொறித்துப் பழகிய நமக்கு, இந்நாட்டின் மிகப் புதிய பாறையையும் ஒருமுறை கண்டு வரவேண்டும் என்ற ஆவல் எழுந்தது. சென்ற தைத் திங்களில் நம் சங்கத்துக் குடும்பங்கள் நான்கு அந்தமானுக்குச் சென்று, ஒரு சிறு கப்பலில் பாரன் தீவைச் சுற்றி வந்தோம்.

பெங்களூரிலிருந்து போர்ட் பிளேருக்கு வானூர்தியிற் சென்றோம். 2024 முதல் அந்நகருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். அங்கிருந்து வடகிழக்கே ஏறத்தாழ 138 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது தீவு. இரவிற் புறப்பட்டோம். அலைகளின் உபசாரத்தைப் பற்றி விரித்துரைக்க வேண்டா. இரவு உண்ட தயிர்ச்சோற்றைப் பலரும் கடலுக்கே ஈந்தனர் என்று சொல்லி அமைவோம்.

விடியற்காலையில் கீழ்வானம் வெளுத்தபோது, கடலினின்று நேரே எழுந்து நின்றது ஒரு கரிய மலை. அதன் உச்சியில் மெல்லிய புகை. சுமார் மூன்று கிலோமீட்டர் அகலமே உள்ள தீவு அது. பழைய எரிமலை வாய் இரண்டு கிலோமீட்டர் அகலத்திற்குப் பெருஞ்சுவராய்ச் சூழ்ந்து நிற்க, அதன் நடுவே புதிய கூம்பு ஒன்று சாம்பல் போர்த்து எழுந்துள்ளது. மேற்குப் புறத்தில் அச்சுவர் உடைந்திருக்கிறது. அவ்வழியே உருகிய குழம்பு ஓடிக் கடலைத் தொட்டு உறைந்த கருங்கற் பரப்பைக் கப்பலிலிருந்தே கண்டோம். ஆயினும் நாங்கள் கண்டது மலையின் உச்சிக் கொண்டை மட்டுமே. கடலடியில் 2,000 மீட்டருக்கு மேற்பட்ட ஆழத்திலிருந்து எழும் பெருமலை இது. இந்தியாவைத் தாங்கும் நிலத்தட்டு கிழக்கே பர்மாத் தட்டின்கீழ்ப் புகுந்து செல்ல, ஆழத்திற் பாறை உருகி மேலெழுகிறது. சுமத்திராவின் எரிமலைகளும் அவ்வாறு பிறந்தவையே.

இத்தீவு வெடித்தது முதன்முதலாக 1787ஆம் ஆண்டில் பதிவாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அடங்கி, நூறாண்டுக்கு மேல் உறங்கி, 1991இல் மீண்டும் வெடித்துப் பல திங்கள் கொதித்தது. 2017 சனவரியில் கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனத்தார் தம் ஆராய்ச்சிக் கப்பலிலிருந்து, பகலில் வெறும் சாம்பலாகத் தோன்றியது இரவில் செந்தீ ஊற்றாக எழுந்ததைக் கண்டனர். எங்களுக்கு அப்பேறு வாய்க்கவில்லை.

'பாரன்' என்றால் வெறுமை. பயிர் விளையாத மண். அப்பெயரிட்டவர் மேற்குப் புறத்தை மட்டுமே கண்டார் போலும்! கப்பல் கிழக்கே திரும்பியதும் பசுங்காடு தென்பட்டது. வெள்ளுடலும் கருஞ்சிறகு நுனியும் கொண்ட பெரும் புறாக்கள் கூட்டமாய்ப் பறந்தன. 1991 வெடிப்பின் விளைவைக் காண 1993இல் நிலவியல் துறையினர் சென்றபோது, முன்பு அறியப்பட்ட 16 பறவையினங்களுள் ஆறே கண்ணிற்பட்டன. அவற்றுள் மிகுதியாக இருந்தவை இப்புறாக்களே. தீவுக்குத் தீவு பறந்து பழந்தின்று, எச்சத்தோடு விதைகளை இட்டுச் செல்லும் இயல்பின அவை. பிறந்த ஊரின் முருங்கைக் கொம்பைப் பெங்களூர்க் கொல்லையில் நட்டு வளர்த்த நம்மவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

எங்கள் குழுவிலிருந்த ஒரு சிறுவன், பள்ளித் தோழர்க்குக் காட்டக் கரிய மணல் கொண்டு வருவதாகச் சொல்லி ஒரு குப்பியை எடுத்து வந்திருந்தான். இறங்கலாகாது என்றறிந்ததும் அவன் முகம் வாடியது. எங்களுள் மூத்தவர் ஒருவர் கப்பற் பணியாளரிடம் வாதாடினார்.

"இவ்வளவு தொலைவு வந்திருக்கிறோம், தம்பி. ஒரு பிடி மணல்தானே?"

அவர் இராமேசுவரத்துக்காரர். பணிவாகவே விடையிறுத்தார்: "ஐயா, இது வனவிலங்குப் புகலிடம். உங்களை இறக்கினால் நாளை வருகிறவரையும் இறக்க வேண்டும். ஆளுக்கொரு பிடி என்றால் என்ன மிஞ்சும்?"

அப்போது நாங்களும் மூத்தவர் பக்கமே நின்றோம்; மறைப்பானேன்? திரும்பும் வழியில் நார்கொண்டம் தீவைப் பற்றி அவர் சொன்ன பிறகே மனம் மாறினோம்.

பாரனுக்கு வடக்கே ஏறத்தாழ 135 கிலோமீட்டரில் உள்ள அத்தீவும் எரிமலையே, ஆனால் தணிந்தது. பரப்பு ஏழு சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. அங்கே ஓர் இருவாய்ச்சி இனம் வாழ்கிறது. உலகில் வேறெங்கும் அஃது இல்லை. நம் கன்னட நண்பர்கள் இருவாய்ச்சியை மங்கட்டெ என்பர். பெடை மரப்பொந்தினுள் புகுந்து வாயிலை அடைத்துக்கொள்ள, சேவல் சிறு பிளவு வழியே அத்திப்பழம் ஊட்டிக் காக்கும். மைசூரிலுள்ள இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை ஆய்வாளர்கள் அண்மையில் ஆராய்ந்து, ஏறத்தாழ ஆயிரம் பறவைகள் இருக்கலாம் என்று கணித்தனர். ஓர் இனம் முழுவதும் நம் பேட்டை ஒன்றின் அளவுள்ள நிலத்தில்! காவலர் உணவுக்காக அங்கே கொண்டுசெல்லப்பட்ட ஆடுகள் இளங்கன்றுகளை மேய்ந்து காட்டின் எதிர்காலத்தையே கெடுத்தமையால் அவற்றை அகற்ற நேர்ந்தது. கடலோரக் காவற்படை அங்கே ரேடார் நிலையம் அமைக்க விழைந்தபோது, 2012இல் அமைச்சர் ஜெயந்தி நடராசன் இசைவு மறுத்தார். 2014இல் அடுத்த அரசு இசைவளித்தது. நாட்டுக் காவலா, பறவையா என்ற வழக்கு எங்கள் கப்பலில் எழுந்தது. சங்கக் கூடத்தில் இன்றும் தீர்ந்தபாடில்லை.

செல்ல விழையும் அன்பர்கள் மழை ஓய்ந்த திங்களைத் தேர்க. வனத்துறை இசைவையும் கப்பல் புறப்படும் நாளையும் முன்னரே உறுதி செய்துகொள்க. ஆண்டு முழுதும் கப்பல் செல்வதில்லை. எலுமிச்சம்பழமும் தொலைநோக்காடியும் உடன் இருக்கட்டும். இரவுணவில் தயிர்ச்சோறு வேண்டா.