ஏழாயிரம் ரூபாப் பேணி

காங்கேசன்துறையில் மீளக்குடியேறிய வீடுகளுக்குப் போகும்போது குசினித் தட்டுகளில் சத்துமாப் பேணிகளைக் காண்கிறோம். முட்டுவலி, நித்திரையின்மை, சீனி வருத்தம் அனைத்தையும் மாற்றும் என்று சொல்லி வீடு வீடாக விற்கிறார்கள். 1990இல் இடம்பெயர்ந்து, நீண்ட காலம் முகாமில் வாழ்ந்து திரும்பிய தாயொருவர், காப்பை அடைவு வைத்து ஏழாயிரம் ரூபாவுக்கு ஒரு பேணி வாங்கியிருந்தார்.

"குடிக்கத் தொடங்கின பிறகு கால் உளைவு குறைவு, பிள்ளை. கிளினிக் குளிசையை விட்டுட்டன்" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. மருந்தே இல்லாத ஒன்றை மருந்தென்று நம்பி எடுத்தாலும் வலி, களைப்பு, ஓங்காளம் போன்றவை குறைவதுண்டு. இதனை 'மருந்துப்போலி விளைவு' என்பர். ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு. 2011இல் அமெரிக்காவில் தொய்வு நோயாளரிடம் நடத்திய ஆய்வொன்றில், மருந்துள்ள குழலை இழுத்தவர்களும் வெறுங்குழலை இழுத்தவர்களும் ஏறத்தாழ ஒரே அளவு சுகம் என்றனர். கருவி வைத்துச் சுவாசத்தை அளந்தபோதோ, மருந்து எடுத்தவர்களுக்கு 20 வீத முன்னேற்றம். மற்றவர்களுக்கு 7 வீதம் மட்டுமே. சுகமென்று உணர்வது வேறு, வருத்தம் மாறுவது வேறு.

நம் நாட்டிலும் கண்டோம். 2020 டிசம்பரில் கேகாலையில் தேனும் சாதிக்காயும் சேர்த்த 'தம்மிக்க பாணி' கொரோனாவைத் தடுக்கும் என்று நம்பி, ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்றனர். அப்போதைய சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாரச்சி அதனைப் பகிரங்கமாகக் குடித்தார். 2021 ஜனவரியில் அவருக்கும் கொரோனா தொற்றியது. கொரோனா வந்தவர்களில் பெரும்பாலானோர் தாமாகவே குணமடைவர். பாணி குடித்தவரோ பாணிதான் காப்பாற்றியது என்பார்.

நம் தாய்க்கு நடந்தது என்ன? அடுத்த மாதம் காற்பெருவிரலில் வந்த சிறு புண் ஆறவில்லை. வைத்தியசாலைக்குக் கூட்டிச் சென்றோம். சீனி 300ஐத் தாண்டியிருந்தது. மீண்டும் குளிசை எடுக்கத் தொடங்கினார். புண் ஆற இரண்டு மாதம் சென்றது, விரல் தப்பியது. காப்பு இன்னும் அடைவில்தான்.

"ஏனம்மா வாங்கினீங்கள்?" என்று கேட்டேன். "அந்தப் பிள்ளை பக்கத்தில இருந்து ஒரு மணித்தியாலம் என்ர கதை கேட்டது. கிளினிக்கில ஆர் கேக்கினம்?"

சகோதரிகளே, இதில் ஓர் உண்மை உண்டு. 2008இல் வெளியான ஆய்வொன்றில், வயிற்றுக் கோளாறு உள்ள 262 பேரில் சிகிச்சை எதுவும் பெறாதவர்களுள் 28 வீதத்தினருக்குச் சுகம். பொய் ஊசிச் சிகிச்சை பெற்றவர்களுள் 44 வீதம். அதே பொய்ச் சிகிச்சையோடு, வைத்தியர் அன்பாகப் பேசிக் கதை கேட்டவர்களுள் 62 வீதம். சுகம் தந்தது பேணியிலுள்ள மா அல்ல. ஒருவர் காது கொடுத்ததே.

ஆகவே:

எவர் சொன்னாலும் கிளினிக் குளிசையை நீங்களாக நிறுத்த வேண்டாம். பேணியைக் கொண்டுபோய் வைத்தியரிடம் காட்டுங்கள். "எல்லா வருத்தத்துக்கும் ஒரே மருந்து" என்றால் சந்தேகியுங்கள். கடன்பட்டு வாங்காதீர்கள், முருங்கையிலை, குரக்கன், உழுந்து, சிறுமீன் ஆகியவற்றிலும் சத்து உண்டு.

பக்கத்து வீட்டு அம்மாவுடன் கிழமையில் ஒருநாளாவது இருந்து கதையுங்கள். அதற்குக் காப்பை அடைவு வைக்கத் தேவையில்லை.