கேட்டுவிட்டு அழைக்கும் காலம்

சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்துறை நிறுவனமான ஐ.டி.ஐ. 1948இல் பெங்களூரில் தொடங்கியது. நாடெங்கும் அலுவலக மேசைகளில் உட்கார்ந்திருந்த கனத்த கறுப்புத் தொலைபேசிகளில் பெரும்பாலானவை இங்கே தூரவாணி நகரில் செய்யப்பட்டவை. செய்கிற ஊர் என்பதற்காக இணைப்பு சீக்கிரம் கிடைத்துவிடவில்லை. விண்ணப்பித்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். ஓர் அலுவலகத்துக்கே ஒன்றோ இரண்டோ இணைப்புதான். அதனால் மணி அடித்தால் யாராவது எடுத்தே ஆக வேண்டும். எடுக்காமல் விடுவது மரியாதைக் குறைவு. எடுத்தவர் தன் பெயரைச் சொல்ல மாட்டார், கம்பெனியின் பெயரைத்தான் சொல்வார்.

அந்த மரியாதை முழுவதும் வரவேற்பு மேசையில் குடியிருந்தது. நீளமான நோட்டு ஒன்று: நேரம், யார், எந்த ஊர், என்ன விஷயம், திருப்பி அழைக்க எண். “ஸ்வல்ப ஹோல்ட் மாடி” என்று கன்னடத்தில் ஒருவரை நிறுத்திவிட்டு, இன்னொரு லைனில் தமிழில் “சார் சீட்ல இல்லைங்க, வந்ததும் சொல்றேன்” என்பார் ஆபரேட்டர். யார் அவசரம், யார் வெறும் அரட்டை என்பது குரலிலேயே அவருக்குத் தெரிந்துவிடும். செயலாளர்களுக்குள் ஒரு மௌனப் போட்டியும் உண்டு. பெரிய அதிகாரி லைனுக்கு வருவதற்கு முன் சின்ன அதிகாரி வந்து காத்திருக்க வேண்டும். “முதல்ல உங்க சாரைக் கொடுங்க” என்று இரு பக்கமும் சொல்லிக்கொண்டிருக்க, இரண்டு சார்களும் அவரவர் அறையில் சும்மா உட்கார்ந்திருப்பார்கள்.

வெளியூர் என்றால் டிரங்க் கால். சாதாரணம், அவசரம், மின்னல் என்று மூன்று தரம். மின்னலுக்குக் கட்டணம் எட்டு மடங்கு. மூன்று நிமிடம் ஆனதும் எக்ஸ்சேஞ்ச் ஆபரேட்டர் நடுவில் வந்து நீட்டிக்கட்டுமா என்று கேட்பார். சேலத்துக்குப் பேசினாலும் கத்தித்தான் பேச வேண்டும் என்பதால் அலுவலகம் முழுவதும் விலையும் கெடுவும் அறிந்தது. ஆபரேட்டர் இல்லாமல் வெளியூருக்கு நேரே டயல் செய்யும் எஸ்.டி.டி. வந்த பிறகு டயலின் துளையில் ஒரு குட்டிப் பூட்டுத் தொங்கியது. சாவி மேனேஜரிடம்.

பிறகு பெங்களூர் தொலைபேசி மரியாதையையே தொழிலாக்கிக்கொண்டது. 2000இல் 24/7 கஸ்டமர் போன்ற கால் சென்டர்கள் இங்கே முளைத்தன. நியூயார்க்கில் காலை ஒன்பது என்றால் இங்கே குளிர்காலத்தில் இரவு ஏழரை. குவாலிஸ் வண்டிகள் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடும். பயிற்சியறையில் ‘வி’யும் ‘டபிள்யூ’வும் பிரித்துச் சொல்லக் கற்றார்கள். ஹோல்டில் போடுமுன் அனுமதி, காரணம், திரும்பி வந்ததும் நன்றி. சிரித்தபடி பேசினால் அது குரலில் தெரியும் என்றார்கள், அது உண்மையும்கூட. பலருக்கு இரவுக்கென்று வேறொரு அமெரிக்கப் பெயர். வரவேற்பு மேசை ஆபரேட்டர் பட்டுப் பட்டுக் கற்றதை இவர்கள் சில வாரங்களில் கற்றார்கள், ஆனால் எழுதிக்கொடுத்த வசனமாக. வீட்டில் அப்பா வாங்கிய முதல் சம்பளத்தைவிடப் பல மடங்கு சம்பளம் கிடைத்தபோது வசனத்தைப் பற்றி யாருக்கு என்ன குறை?

கால் சென்டர்களுக்கு முன்பே, 1995இல் இந்தியாவுக்குச் செல்பேசி வந்தபோது நிமிடத்துக்குப் பதினாறு ரூபாய் வரை ஆனது. அழைப்பை எடுத்தவரும் கட்ட வேண்டும். “இப்ப பேசலாமா?” என்ற கேள்வியில் அன்று அடுத்தவர் காசைப் பற்றிய கூச்சம் இருந்தது. 2003இல் வரும் அழைப்புகளுக்குக் கட்டணம் போயிற்று. கேள்வி போகவில்லை. இப்போது அது அடுத்தவர் நேரத்தைப் பற்றியது, அதுவும் எழுத்தில். டீம்ஸிலோ ஸ்லாக்கிலோ “ரெண்டு நிமிஷம் கால் பண்ணலாமா?” என்று தட்டிவிட்டு, பச்சைப் புள்ளியைப் பார்த்துக் காத்திருக்கிறார்கள். கேட்காமல் அழைத்தால் “ஏதாவது பிரச்சினையா?” என்று பதறுகிறார்கள். அன்று எடுப்பவர் தலையில் இருந்த கடமை இன்று அழைப்பவர் தலைக்கு மாறியிருக்கிறது. நியாயமான மாற்றம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. வேலையில் ஆழ்ந்திருப்பவரை மணியடித்து எழுப்ப யாருக்கும் பிறவி உரிமை இல்லை.

ஆனால் தெரியாத எண்ணை இன்று யாரும் எடுப்பதில்லை. நோட்டு வைத்திருந்த காலத்தில் புதிதாக வேலை கேட்டு வந்த குரலும், விலை விசாரித்த முன்பின் தெரியாத வியாபாரியும் ஒரு மனிதக் காது வரைக்குமாவது போய்ச் சேர்ந்தார்கள். இப்போது “விற்பனைக்கு ஒன்றை அழுத்தவும்” என்ற பதிவுக் குரலோடு பலர் நின்றுவிடுகிறார்கள்.

டிரங்க் கால் காலத்தில் பேச்சைக் காதில் வாங்கிய மூன்றாமவர் மட்டும் வேறு உருவில் திரும்பி வந்திருக்கிறார். அவுட்டர் ரிங் ரோட்டு நெரிசலில் காரின் பின்சீட்டிலிருந்தபடி மீட்டிங்கில் பேசுபவரின் பட்ஜெட்டும் பதவி உயர்வும் டாக்சி ஓட்டுநருக்கு அத்துபடி. 2020 ஊரடங்கில் சமையலறைக்குள் வந்த அலுவலகக் குரல் இன்னும் முழுதாக வெளியேறவில்லை. அலுவலகத்தைப் பூட்டினால் மேசைத் தொலைபேசியும் பூட்டப்பட்டுவிடும். அமெரிக்காவுடனான இரவு ஒன்பது மணி அழைப்புக்குப் பூட்டு எங்கே? வேலை நேரத்துக்குப் பின் எடுக்காமலிருக்கும் உரிமையை பிரான்ஸ் 2017இல் சட்டமாக நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இங்கே அதே உரிமைக்காக மக்களவையில் உறுப்பினர் சுப்ரியா சுலே கொண்டுவந்த தனிநபர் மசோதா சட்டமாகவில்லை.

ஆனால் பெங்களூரின் சிக்பேட்டை மொத்த வியாபாரிகளிடம் இந்தக் கேட்டுவிட்டு அழைக்கும் வழக்கம் செல்லாது. துணிக்கட்டுகளுக்கு நடுவே காதுக்கும் தோளுக்கும் இடையில் போனைச் செருகி, இரண்டாவது மணிக்குள் “ஹேளி” (சொல்லுங்க) என்பார் கடைக்காரர். எடுக்காவிட்டால் ஆர்டர் பக்கத்துக் கடைக்குப் போய்விடும்.