ஓ.டி.பி. கேட்பதற்கு முன் ஒரு திரைப்பதிவு

தொழில் நடத்துபவருக்கும் அவருடைய கணக்குகளைக் கவனிக்கும் வரி ஆலோசகருக்கும் இடையே நிகழும் பேச்சில் பெரும்பகுதி, இருவரில் ஒருவர் மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கும் கணினித் திரையைப் பற்றியதாக இன்று மாறிவிட்டது. 2017 ஜூலை 1 அன்று சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபின், பதிவு பெறுவது முதல் வரி செலுத்திப் படிவம் தாக்கல் செய்வது வரை எல்லாமே ஓர் இணையதளத்தின் வழியாக நடைபெறுவதால், முன்பு பில் கட்டுகளை நடுவில் விரித்து வைத்துப் பேசி முடித்த செய்திகளை இப்போது தொலைபேசியில் வெறும் சொற்களால் விளக்க வேண்டியிருக்கிறது. இந்த இடைவெளியை நிரப்ப எளிய வழி ஒன்று உண்டு. கணினித் திரையில் நடப்பதையும் அதை விளக்கும் குரலையும் ஒருசேரப் பதிவு செய்து, வாடிக்கையாளர் தமக்கு ஓய்வான நேரத்தில் பார்க்கும்படி அனுப்பும் சிறு காணொளியே அது. திரைப்பதிவு என்று அதைக் குறிப்பிடலாம்.

திரைப்பதிவை, இணையக் கூட்டத்தில் நேரடியாகத் திரையைப் பகிர்வதிலிருந்தும், ஒருவர் தம் கணினியின் கட்டுப்பாட்டையே தொலைவிலுள்ள மற்றொருவரிடம் ஒப்படைக்கும் முறையிலிருந்தும் வேறுபடுத்திப் பார்க்க வேண்டும். நேரடிப் பகிர்வுக்கு இருவரும் ஒரே நேரத்தில் ஓய்வாக இருந்தாக வேண்டும்; மாதத்தின் இரண்டாவது, மூன்றாவது வாரங்களில் எந்த வரி ஆலோசகருக்கும் அது வாய்ப்பதில்லை. கட்டுப்பாட்டை ஒப்படைப்பதில் உள்ள ஆபத்து பெரிது: ‘எனிடெஸ்க்’ போன்ற செயலியின் வழியாகப் பிறருடைய கைபேசிக்குள் நுழைந்து பணம் எடுக்கும் மோசடி குறித்து 2019 பிப்ரவரியிலேயே இந்திய ரிசர்வ் வங்கி எச்சரித்திருந்தது. திரைப்பதிவில் வாடிக்கையாளர் எதையும் திறந்துவிட வேண்டியதில்லை. பார்க்கவும், நிறுத்தவும், வேண்டிய இடத்துக்குத் திரும்பிச் செல்லவும் மட்டுமே அவருக்கு வேலை உண்டு.

கணினித் திரையைப் பிறருக்குக் காட்டிக்கொண்டே விளக்கும் வழக்கத்தின் புகழ்பெற்ற தொடக்கம், 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் கணினி ஆய்வாளர் டக்ளஸ் எங்கல்பார்ட் ஒன்றரை மணி நேரம் நடத்திக் காட்டிய செயல்விளக்கம் ஆகும். 2000களில் ‘கேம்டேசியா’ போன்ற மென்பொருள்கள் இதைப் பயிற்சியாளர்களின் கருவியாக்கின. இன்று விண்டோஸ் 11 கணினியிலும் பெரும்பாலான கைபேசிகளிலும் பதிவு வசதி உடனேயே கிடைக்கிறது, ‘ஓ.பி.எஸ். ஸ்டுடியோ’ என்னும் மென்பொருளும் இலவசமாகக் கிடைக்கிறது. ஆகவே கருவி யாருக்கும் தடையாக இல்லை. எதைப் பதிவு செய்ய வேண்டும் என்பதே சிந்திக்க வேண்டிய கேள்வி.

இக்கேள்விக்கு விடை காண, மாதந்தோறும் தாக்கல் செய்யப்படும் ஜி.எஸ்.டி.ஆர்-3பி என்னும் சுருக்கப் படிவத்தை எடுத்துக்கொள்ளலாம். விற்றவர்கள் தங்கள் விற்பனை விவரத்தை 11ஆம் தேதிக்குள் பதிவேற்றுகிறார்கள். அவற்றைத் தொகுத்து, வாங்கியவர் எவ்வளவு உள்ளீட்டு வரி வரவு, அதாவது கொள்முதலின்போது ஏற்கெனவே செலுத்திய வரிக்கான கழிவு, பெறலாம் என்பதைக் காட்டும் 2பி என்னும் அறிக்கை 14ஆம் தேதி உருவாகிறது. 20ஆம் தேதிக்குள் 3பி படிவத்தைத் தாக்கல் செய்து வரியைச் செலுத்தி முடிக்க வேண்டும். இடையில் கிடைப்பது ஆறே நாள். ஓர் ஆலோசகர் வழியாக மாதந்தோறும் தாக்கல் செய்யும் அத்தனை வாடிக்கையாளர்களுக்கும் அதே ஆறு நாள்தான். தாமதமானால் நாள் ஒன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணமும், ரொக்கமாகச் செலுத்த வேண்டிய வரிக்கு ஆண்டுக்கு 18 விழுக்காடு வட்டியும் சேரும். தாக்கல் செய்த 3பி படிவத்தைத் திருத்தவும் வழியில்லை. பிழை இருந்தால் அடுத்துவரும் மாதங்களின் படிவத்தில்தான் சரிக்கட்ட வேண்டும்.

இத்தனை கனமான படிவம், தனி உரிமை நிறுவனங்களையும் கூட்டு வணிக நிறுவனங்களையும் பொறுத்தவரை, உரிமையாளரின் கைபேசிக்கு வரும் ஒரு முறைக் கடவுச்சொல்லால், அதாவது ஓ.டி.பி.யால், உறுதி செய்யப்படுகிறது. கடையில் கூட்டம் நிற்கும் வேளையில் ஆலோசகர் அலுவலகத்திலிருந்து அழைப்பு வருவதும், உரிமையாளர் எண்களைப் படித்துச் சொல்லிவிட்டு மீண்டும் வியாபாரத்தைக் கவனிப்பதும் தமிழ்நாட்டின் எந்தக் கடைத்தெருவிலும் காணக்கூடியவை. அந்த எண்கள் அவருடைய கையொப்பத்துக்குச் சமம். படிவத்திலுள்ள தொகைக்குச் சட்டப்படி பொறுப்பாளி அவரே. தாம் எதற்குக் கையொப்பமிட்டோம் என்பதை அறியாமலே அவர் கையொப்பமிட்டிருக்கிறார் என்பது சிறிய குறையன்று. திரைப்பதிவு தன் முழுப் பயனையும் தரக்கூடிய இடம் இதுவே.

ஓ.டி.பி. கேட்பதற்கு முந்தைய நாள் ஆலோசகர் மூன்று நிமிடப் பதிவு ஒன்றை அனுப்புகிறார் என்று கொள்வோம். அதில் நிரப்பப்பட்ட படிவத்தைத் திறந்து, மாதத்தின் மொத்த விற்பனையைக் காட்டி, எடுத்துக்கொண்ட வரவைச் சொல்லி, எந்தெந்தக் கொள்முதலுக்கு வரவு கிடைக்கவில்லை என்பதையும் அதன் காரணத்தையும் விளக்குகிறார். 2022 ஜனவரி 1 முதல், விற்றவர் பதிவேற்றி 2பி அறிக்கையில் இடம்பெற்ற பில்லுக்கு மட்டுமே வரவு உண்டு என்பதால், வரியோடு பணம் முழுவதையும் கொடுத்து வாங்கியவரும் விற்றவரின் அலட்சியத்தால் அந்த மாதம் வரவை இழக்கிறார். இதை எண்ணளவில் கேட்கும் உரிமையாளருக்கு, ஆலோசகர் வரியைக் கூட்டிவிட்டார் என்றே தோன்றும். விடுபட்ட பில்லின் வரிசையைத் திரையில் பார்ப்பவரோ அன்றே அந்த மொத்த வியாபாரியை அழைத்துப் பேசுவார்.

ஆனால் திரையைக் காட்டினாலே புரிந்துவிடும் என்று நம்பிவிடக் கூடாது. சூசன் பால்மிட்டர், ஜே எல்கர்ட்டன் ஆகியோர் 1991இல் வெளியிட்ட ஆய்வு இதை நன்கு உணர்த்துகிறது. ‘ஹைப்பர்கார்ட்’ என்னும் மென்பொருளில் சில பணிகளைச் செய்ய, ஒரு குழுவினருக்கு அசையும் திரைவிளக்கத்தையும் மற்றொரு குழுவினருக்கு எழுத்துக் குறிப்பையும் அவர்கள் கொடுத்தார்கள். பயிற்சியின்போது திரைவிளக்கம் பார்த்தவர்கள் விரைவாகவும் பிழை குறைவாகவும் செய்தார்கள். ஏழு நாள் கழித்துச் சோதித்தபோதோ எழுத்துக் குறிப்பைப் படித்தவர்கள் அவர்களை முந்திவிட்டார்கள். பார்த்ததை அப்படியே பின்பற்றிச் செய்கையில் மூளைக்கு வேலை குறைவாக இருப்பதும், படித்ததைச் செயலாக மாற்றுகையில் படிப்பவரே சிந்திக்க வேண்டியிருப்பதும் இதற்குக் காரணமாகக் கருதப்படுகின்றன. மாதம் ஒருமுறை செய்யும் வேலைக்கு இம்முடிவு மிகவும் பொருந்தும், ஏனெனில் அங்கே ஒரு முறைக்கும் மறுமுறைக்கும் இடையே முப்பது நாள் இருக்கிறது.

ஆகவே ‘இங்கே அழுத்துங்கள், பிறகு அங்கே அழுத்துங்கள்’ என்று மட்டும் சொல்லும் காணொளி, இணையதளத்தின் தோற்றம் மாறும் நாள் வரைதான் பயன்படும். ஏன் அங்கே அழுத்த வேண்டும் என்பதையும் சொல்லும் காணொளி அதற்குப் பிறகும் கைகொடுக்கும். எடுத்துக்காட்டாக, குஜராத்திலிருந்து நூல் வாங்கித் தமிழ்நாட்டுக்குள் விற்கும் திருப்பூர் பனியன் உற்பத்தியாளர் ஒருவர், வாங்கும்போது ஒருங்கிணைந்த வரியையும் விற்கும்போது மத்திய வரி, மாநில வரி என்ற இரண்டையும் சந்திக்கிறார். ஒருங்கிணைந்த வரியில் கிடைத்த வரவை முதலில் தீர்த்துவிட்டே மற்றவற்றைத் தொட வேண்டும். மத்திய வரியின் வரவை மாநில வரிக்கு ஈடுசெய்ய முடியாது. எஞ்சிய தொகைக்குச் செலான் உருவாக்கி, ரொக்கப் பேரேடு எனப்படும் இணையக் கணக்கில் உரிய தலைப்பின்கீழ்ப் பணம் கட்ட வேண்டும். தலைப்பு மாறிக் கட்டிய பணம் தொலைந்துபோவதில்லை என்றாலும், இருந்த இடத்திலிருந்து உதவாது. 2020 ஏப்ரலில் அறிமுகமான பி.எம்.டி-09 என்னும் படிவத்தின் மூலம் அதைச் சரியான தலைப்புக்கு மாற்றியபின்தான் பயன்படுத்த முடியும். ஒவ்வொரு தலைப்பும் தனித்தனி உண்டியலைப் போன்றது என்பதை முதலில் சொல்லிவிட்டுச் செலான் பக்கத்தைத் திறக்கும் ஆலோசகர், பத்துப் பொத்தான்களை வரிசையாக அழுத்திக் காட்டுபவரைவிட நன்றாகக் கற்பிக்கிறார். அத்துடன், காணொளியின் கீழே நான்கைந்து வரிகளில் எழுத்துக் குறிப்பையும் சேர்த்து அனுப்பினால் மேற்கண்ட ஆய்வு சுட்டும் குறையும் ஓரளவு நீங்கும்.

காணொளியின் நீளத்தைப் பற்றியும் ஆய்வுகள் உண்டு. ‘எட்எக்ஸ்’ என்னும் இணையவழிக் கல்வித் தளத்தில் 69 லட்சம் பார்வை அமர்வுகளை ஆராய்ந்து 2014இல் வெளியான கட்டுரை, காணொளி எவ்வளவு நீளமாக இருந்தாலும் பார்வையாளரின் ஈடுபாடு பெரும்பாலும் ஆறு நிமிடத்தைத் தாண்டுவதில்லை என்று கண்டது. கல்லூரிப் பாடங்களுக்கே அதுதான் நிலை என்றால், கல்லாவில் அமர்ந்தபடி பார்ப்பவருக்கு ஒரு காணொளியில் ஒரு செயலே போதும். படத்தோடு பேச்சு சேர்வது, படத்தோடு திரையில் எழுத்து சேர்வதைவிட எளிதில் மனத்தில் பதிகிறது என்பது கல்வி உளவியலாளர் ரிச்சர்ட் மேயரின் ஆய்வுகள் நிலைநாட்டிய முடிவு. வாடிக்கையாளர் வீட்டில் பேசும் தமிழில் விளக்கம் அமைந்தால் ஆங்கிலத்தில் இருக்கும் இணையதளத்தின் பாதிச் சுமை குறைந்துவிடும்.

பதிவு செய்பவர் கவனிக்க வேண்டியவற்றுள் முதன்மையானது மறைகாப்பு. உலாவியின் மேற்பட்டையில் வேறொரு வாடிக்கையாளரின் பெயர் தெரிவதும், பேசிக்கொண்டிருக்கும்போதே வங்கிக் குறுஞ்செய்தி திரையின் மூலையில் எட்டிப் பார்ப்பதும், கடவுச்சொல் எழுதிய கோப்பு திறந்தே கிடப்பதும் எளிதில் நேரக்கூடியவை; ஒருமுறை வாட்ஸ்அப்பில் சென்ற காணொளியைத் திரும்ப அழைப்பது கடினம். 2023ஆம் ஆண்டின் எண்ணியல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பிறருடைய விவரங்களைக் கையாள்வோருக்குத் தெளிவான கடமைகளை வகுத்திருக்கிறது. பொதுவான செயல்முறை விளக்கங்களைக் கற்பனை எண்களைக் கொண்டும், ஒருவருக்கே உரிய விளக்கங்களை அவர் மட்டும் திறக்கக்கூடிய இணைப்பாகவும் தயாரிப்பது பாதுகாப்பான வழக்கம்.

திரைப்பதிவை எதிர்த்திசையிலும் பயன்படுத்தலாம் என்பதைப் பல ஆலோசகர்கள் இன்னும் வாடிக்கையாளர்களுக்குச் சொல்லித் தரவில்லை. ஐபோனில் 2017 முதலும் ஆண்ட்ராய்டில் 2020இல் வந்த பதிப்பு முதலும் திரையைப் பதிவு செய்யும் வசதி கைபேசியிலேயே அமைந்திருக்கிறது. ‘ஏதோ சிவப்பாக வருகிறது, போகமாட்டேன் என்கிறது’ என்று தொலைபேசியில் தவிக்கும் ஒருவர், தாம் செய்ததை முதலிலிருந்து மீண்டும் செய்து, ஓ.டி.பி. வரும் கட்டத்துக்கு முன்பே பதிவை நிறுத்தி அனுப்பிவிட்டால், எந்தக் கட்டத்தில் எந்த எண்ணை இட்டதால் இணையதளம் மறுத்தது என்பதை ஆலோசகர் கேள்வியே கேட்காமல் கண்டுகொள்ள முடியும்.