சிம்பன்சிக் குட்டியிடம் கட்டைகளைக் கொடுத்தால்...

தேக்கா பக்கம் பாத்திரக் கடைக்குள் நுழைந்தவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். அம்மா விலை கேட்டுக்கொண்டிருப்பார். கூட வந்த குழந்தை கீழே உட்கார்ந்து எவர்சில்வர் டம்ளர்களை ஒன்றுக்குள் ஒன்று போட்டுப் பார்க்கும். பிறகு அவற்றைக் கவிழ்த்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும். சரிந்து விழும் சத்தத்தில் கடையே திரும்பிப் பார்க்கும்.

உள்ளே போடுவது, மேலே அடுக்குவது. நமக்கு இரண்டும் ஒரே விளையாட்டுதான். ஆனால் சிம்பன்சிக் குட்டிகளுக்கு இவை இரண்டுக்கும் இடையே பெரிய இடைவெளி இருக்கிறது.

சிம்பன்சிகள் மனிதனுக்கு மிக நெருங்கிய உறவினர்கள். மண்டாய் விலங்கியல் தோட்டத்தில் அவற்றைப் பார்க்கலாம். (2008ல் மறைந்த நம் ஆ மெங்கை இந்தக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். அது ஒராங் உத்தான்.)

ஜப்பானின் இனுயாமா நகரில், கியோட்டோ பல்கலைக்கழகத்தின் அப்போதைய குரங்கின ஆய்வு நிலையத்தில் 2000ஆம் ஆண்டு மூன்று குட்டிகள் பிறந்தன. பெயர்கள் அயுமு, கிளியோ, பால். குடிக்கிற பால் அல்ல, அந்தக் குட்டியின் பெயரே அதுதான்! மூன்றையும் அவற்றின் தாய்களே வளர்த்தன. ஜப்பானியக் குழந்தைகளின் வளர்ச்சியை அளக்கப் பயன்படும் அதே பொருள்களை ஆய்வாளர்கள் மிசாடோ ஹயாஷியும் டெட்சுரோ மட்சுசாவாவும் அவற்றுக்குக் கொடுத்தார்கள். துளையுள்ள பெட்டி, சிறிதும் பெரிதுமான கிண்ணங்கள், மரக்கட்டைகள் ஆகியவை அவை. தாய்களுக்கு அந்த வேலைகள் ஏற்கெனவே கைவந்தவை. குட்டிகள் அவற்றைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தன. சரியாகச் செய்தால் தின்பண்டம் என்ற ஆசை காட்டுதலும் இல்லை.

2003ல் வெளியான முடிவுகள் சுவையானவை. ஒரு பொருளை இன்னொன்றோடு சேர்த்துப் பார்ப்பதை 8 முதல் 11 மாதத்திலேயே குட்டிகள் தொடங்கிவிட்டன. மனிதக் குழந்தைக்கும் ஏறக்குறைய 10 மாதம்தான். 11 முதல் 16 மாதம்வரை அது அரிதாகவே நடந்தது. ஒன்றரை வயதில் திடீரென்று அதிகரித்தது, துல்லியமும் கூடியது. ஆனால் எல்லாம் உள்ளே போடுவதுதான். இரண்டு வயதாகியும் ஒரு குட்டிகூடக் கட்டைமேல் கட்டை வைக்கவில்லை. நம் பிள்ளைகளோ ஒரு வயதைத் தாண்டியதுமே அடுக்கத் தொடங்கிவிடுகிறார்கள். (இதைப் படித்துவிட்டு வீட்டுப் பிள்ளைக்குப் பரீட்சை வைக்க வேண்டாம்.)

பின்னர் பால் மட்டும் 2 வயது 7 மாதத்தில் தானாகவே அடுக்கியது. மற்ற இரண்டும் 3 வயது 1 மாதத்தில்தான் அடுக்கின. அதுவும் பரிசு கொடுத்துப் பழக்கிய பிறகு.

கையில் திறன் இல்லையா? அப்படிச் சொல்ல முடியாது. பழகிய சிம்பன்சிகள் நன்றாகவே அடுக்குகின்றன. கிண்ணத்துக்குள் போட்ட பொருளைக் கிண்ணமே தாங்கிக்கொள்ளும். அடுக்கும்போது அப்படியில்லை. பார்த்து வைக்க வேண்டும், பதமாகக் கையை எடுக்க வேண்டும். காட்டு வாழ்க்கையும் ஒரு காரணமாக இருக்கலாம். 1960ல் தான்சானியாவின் கோம்பே காட்டில் ஜேன் குடால் கண்டது, புற்றுக்குள் புல்லை விட்டுக் கறையான் பிடித்துத் தின்ற சிம்பன்சியை. துளைக்குள் நுழைத்தால் வயிறு நிறையும். அடுக்கி வைத்தால் காட்டில் என்ன கிடைக்கும்? புளோக் புளோக்காக அடுக்கிக் குடியிருப்பது நாம்தான்!

ஆனாலும் பொருள்களை இடம் பார்த்து வைக்கும் வேலை காட்டிலும் உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவில், கினி நாட்டின் போசூ கிராமத்தை ஒட்டி வாழும் சிம்பன்சிகள் கல்லின்மேல் கொட்டையை வைத்து, இன்னொரு கல்லால் உடைக்கின்றன. அடிக்கல் ஆடினால் சில சமயம் அதற்கு அடியில் ஒரு சிறு கல்லை முட்டுக் கொடுப்பதும் உண்டு. குட்டிகள் முதலில் கல்லை உருட்டும். கொட்டையைக் கல்மேல் வைத்துவிட்டு வெறுங்கையால் அடிக்கும். மூன்றும் ஒழுங்காகச் சேர்வதற்கு மூன்றரை முதல் ஐந்து வயதாகிவிடும். அந்த வயதுக்குள் பழகாவிட்டால் பெரும்பாலும் பிறகு வருவதில்லை. தாய் கையைப் பிடித்துக் கற்றுக்கொடுப்பதில்லை. குட்டி பக்கத்தில் வந்து பார்த்தாலும், உடைத்த பருப்பை எடுத்துத் தின்றாலும் விரட்டுவதில்லை, அவ்வளவுதான்.

இந்த வித்தை பிறவியிலேயே வருவதல்ல. கோம்பே சிம்பன்சிகள் கல்லால் கொட்டை உடைப்பதில்லை. போசூவில் பெரியவர்களைப் பார்த்துப் பார்த்தே ஒவ்வொரு தலைமுறையும் கற்றுக்கொண்டது. அந்தக் கூட்டத்தில் 2003ல் பரவிய சுவாச நோய் ஐந்து உயிர்களைக் கொண்டுபோனது. இன்று அங்கே எஞ்சியிருக்கும் சிம்பன்சிகள் பத்துக்கும் குறைவு.