வெள்ளை உறை: சோம்பலா, வடிவமைப்பா?

பீட்டில்ஸ் இசைக்குழுவின் இரட்டை இசைத்தட்டு ஒன்று 1968 நவம்பரில் வெளியானது. முந்தைய ஆண்டு வந்த அவர்களின் ‘சார்ஜென்ட் பெப்பர்’ இசைத்தட்டின் உறையில் முகங்கள் நெருக்கியடித்து நின்றன. புதிய தட்டின் உறையை ஓவியர் ரிச்சர்ட் ஹாமில்டன் வெள்ளையாகவே விட்டுவிட்டார். வேலையைத் தட்டிக்கழித்துவிட்டார் என்று குறைசொல்லும் ரசிகர்கள் உண்டு. உறையைச் சற்றுச் சாய்த்துப் பாருங்கள்: குழுவின் பெயர் மையில்லாமல் புடைத்து நிற்கிறது. தொடக்கப் பிரதிகளில் வரிசை எண்ணும் உண்டு. லட்சக்கணக்கில் அச்சாகும் பண்டத்துக்கு, சில படிகளே போடும் ஓவிய அச்சுபோல் எண் கொடுத்ததில்தான் கேலி இருக்கிறது.

எண் போட்டது வெறும் விற்பனை உத்தி என்பார்கள். உத்திதான், ஆனால் உறைக்குள் நால்வரின் வண்ணப்படங்களும், ஹாமில்டன் அமைத்த ஒட்டுப்படச் சுவரொட்டியும் இருந்தன. வெளியே குறைத்ததை உள்ளே கொடுத்தவரைச் சோம்பேறி என்பது பொருந்தாது. கேலியாகப் போட்ட எண்ணுக்கும் மதிப்பு வந்தது: குழுவின் நால்வரில் ஒருவரான ரிங்கோ ஸ்டாரிடம் இருந்த முதல் எண் பிரதி 2015இல் 7,90,000 டாலருக்கு ஏலம் போனது.