மாதிரி விமானத்துக்கு ஏன் ஒரு களப்பெட்டி?

மாதிரி விமானத்தின் குளோ என்ஜின் பறக்கும்போது தீப்பொறி கேட்பதில்லை. அதன் பிளக்கில் இருப்பது பிளாட்டினம் சேர்ந்த சிறு கம்பிச்சுருள். எரிபொருளான மெத்தனாலின் ஆவி பிளாட்டினத்தின் மேல் வினைபுரிந்து வெப்பம் தர, சுற்றுக்குச் சுற்று எரியும் சூடும் சேர, சுருள் தணலாகவே இருக்கும். அந்த முதல் தணலை மட்டும் நாம் ஏற்றிவைக்க வேண்டும். அதற்குச் சுமார் 1.5 வோல்ட் போதும். மைதானத்துக்குப் பெட்டி தூக்கிப் போவது இதற்காகத்தான்.

விசிறியைச் சுழற்றும் ஸ்டார்ட்டரோ 12 வோல்ட் கேட்கும். அதை நேரே பிளக்குக்குக் கொடுத்தால் சுருள் கணத்தில் அறுந்துவிடும். ஆகவே மின்னழுத்தத்தைக் குறைக்கும் பலகை ஒன்று நடுவே வேண்டும். அல்லது பிளக்குக்கென்றே தனி 1.2 வோல்ட் செல். தனிச் செல்தான் என் தேர்வு. ஸ்டார்ட்டர் திணறி மின்னழுத்தம் சரிந்தாலும் தணல் மங்காது.

எரிபொருளில் மெத்தனாலோடு நைட்ரோமீத்தேனும், மசகுக்கு நம் விளக்கெண்ணெயும் சேர்வதுண்டு. மெத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். எரிபொருள் கேனின் மூடி இறுக்கமாக இருக்கட்டும். மெத்தனாலின் தீச்சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது என்பதுதான் பெரிய ஆபத்து. எனவே பெட்டியில் பேட்டரி ஒரு கோடியில், கேன் மறுகோடியில், இடையே பலகைத் தடுப்பு. சிந்தும் எரிபொருள் சாதாரணப் பெயின்டை இளக்கிவிடும். பெட்டியின் மரத்துக்கு எபாக்சி பூசுங்கள்.